சங்குப்பூக் கடல்பாசி

"கல்லறை வேலியில படர்ந்த பூவ, செத்தவங்க நெஞ்செலும்ப உறிஞ்சி நீலம் பாரிச்ச பூவ, கூடையில அள்ளிக் கொண்டாந்து, சீனி போட்டுக் காய்ச்சி, எம் பிள்ளைக்கு ஊட்டப் பாத்தாளே, இந்தக் கான்வென்ட்ல படிச்சவ!"

இதைத்தான் சொன்னாள் மெற்றில்டா. நான் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. என் கொழுந்தன் இன்னாசியின் பெண்சாதி அவள். ஒரே முற்றத்துக்கு இந்தப் பக்கம் என் அடுப்படி, அந்தப் பக்கம் அவள் அடுப்படி. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, முற்றத்து முருங்கை மரத்திடம் சொன்னாள், எனக்குக் கேட்கிற சத்தத்தில்.

"மரத்துக்கிட்ட ஏம்ட்டி சொல்லுத? எனக்குக் காது இருக்கு," என்றேன். "ஊட்ட வரல. வேணுமான்னு கேட்டேன். கேக்கதும் ஊட்டுததும் ஒண்ணா உனக்கு?"

"எல்லாம் ஒண்ணுதான் யக்கா. கல்லறையில இருந்து வெளிய வரும்போது கால் மண்ணக்கூடத் தட்டிட்டு வாரோம். நீங்க கூடை நெறயக் கொண்டு வாரிய. அதுவும் அவுக ரெண்டு பேரும் கடல்ல கிடக்க நேரத்துல."

அவுக ரெண்டு பேர் என்றால் என் வீட்டுக்காரர் கஸ்பாரும் அவள் வீட்டுக்காரன் இன்னாசியும். அண்ணன் தம்பி, ஒரே வள்ளம், ஒரே எஞ்சின், ஒரே சோத்துப்பானை. முந்தின நாள் விடியலில் போனவர்கள். அதைச் சொன்னதும் எனக்கும் வாய் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அடங்கினதை அவளுக்குக் காட்டுவேனா?

"பூ பறிச்சா எஞ்சின் நிக்குமா? நல்ல விஞ்ஞானம் படிச்சிருக்க," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

எங்கள் குருசடித்துறையில் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பெண்கள் எல்லோரும் மண்வெட்டியும் விளக்குமாறுமாகப் போய்ப் புல் செதுக்கி, குருசுகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, வேலியில் ஏறிக் கிடக்கிற கொடிகளைப் பிடுங்கிக் குவித்து எரித்துவிட்டு, வாசலில் நின்று காலைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வருவது வழக்கம். இந்த வருஷம் மழை முந்திக்கொண்டதால் வேலியே தெரியாமல், முள்கம்பி தெரியாமல், கம்பிக்கு அந்தப் பக்கம் கிடக்கிற எங்கள் ஆட்கள் யாருமே தெரியாமல், அத்தனை தூரத்துக்கும் சங்குப்பூ நீலமாகப் பூத்துக் கிடந்தது. குழிகளுக்கு நடுவே தும்பை வெள்ளையாக நின்றது. அவ்வளவையும் நெருப்பில் தள்ளப் போனார்கள். எனக்குப் பொறுமை என்பது எந்தக் காரியத்திலும் கிடையாது, வீணடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் மட்டும் எங்கிருந்து வரும்? பறித்தேன். எல்லோரும் பார்க்கத்தான் பறித்தேன்.

செய்முறை என் கூடப் படித்த செய்யது பாத்திமா சொன்னது. அவள் வீட்டில் நோன்பு திறக்க விதவிதமான நிறத்தில் கடல்பாசியை உறைய வைத்து இனிப்பு செய்வார்கள். பாசியை ஊற வைத்து, அது ஈர நூல் மாதிரி துவண்ட பிறகு இளநீரில் போட்டு, இழை தெரியாமல் கரையும் மட்டும் கிண்டி, மெல்லிய துணியில் வடித்து, சீனியும் ஏலமும் சேர்த்தேன். சங்குப்பூவின் பச்சைக் காம்பையெல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு இதழ்களை வெந்நீரில் அமுக்கி வைத்தேன். வெந்நீர் நீலத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு இதழ்களைச் சாம்பலாக விட்டது. எலுமிச்சை ஒரு துளி பட்டாலும் நீலம் ஊதாவாகிவிடும் என்று பாத்திமா எச்சரித்திருந்ததால் எலுமிச்சையைக் கண்ணில் காட்டவில்லை. என் கல்யாணத்துக்குச் சீர் வைத்து வந்த பெரிய தாம்பாளத்தில் ஊற்றி, மேலே தும்பைப்பூவை வரிசையாகத் தூவி, ஆறட்டும் என்று சமையலறைத் தரையில் வைத்துவிட்டுத்தான் மெற்றில்டாவிடம் சண்டைக்குப் போனேன்.

சண்டை முடிந்து வில்லை போடக் கத்தியோடு வந்து பார்த்தால், பாசி உறையவில்லை. தாம்பாளத்தின் ஓரத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

பாசி குறைந்துவிட்டது, ஒரு கட்டு கூடப் போட்டிருக்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு கத்தியை வைத்து ஒரு கோடு இழுத்தேன். கோடு விழுந்தது, பிறகு மூடிக்கொண்டது. நான் தூவின தும்பைப்பூ ஒன்றுகூட வைத்த இடத்தில் இல்லை. வரிசை வரிசையாக எழும்பி, மேற்கே ஓடி வந்து, விளிம்பில் நொறுங்கி, மறுபடி நடுவிலிருந்து எழும்பின. குனிந்தேன். ஏலக்காய் வாசனைக்குக் கீழே உப்பு வாசனை. மேற்கு விளிம்பில் வெட்டிப் போட்ட நகம் மாதிரி வளைந்து ஏதோ ஒட்டியிருந்தது, தூசி என்று விரலால் தள்ளப் போய் நின்றுவிட்டேன். அது அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டின எங்கள் ஊர்த் தூண்டில் வளைவு, அதன் முனையில் உடைந்து கிடக்கிற கல் உட்பட. அதற்கு அப்பால் நீலத்தில், சுரைவிதை அளவில் வள்ளங்கள்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லாம் எங்கள் ஊர் வள்ளங்கள். எல்லாவற்றுக்கும் கிழக்கே, பச்சையும் மஞ்சளுமாக எங்கள் வள்ளம், அதில் கடுகு மாதிரி இரண்டு தலைகள், நடுவே சோத்துப்பானை.

"சாப்ட்டாச்சா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

வேர்த்துக் கொட்டியது. மின்விசிறியைத் தட்டினேன். தாம்பாளத்தில் இருந்த அத்தனை வள்ளமும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பாய்ந்து அணைத்தேன். மதியம் கரையேறின சில பேர், தெளிந்த வானத்தில் எங்கிருந்தோ ஒரு காத்து வந்து புரட்டப் பார்த்தது, பிறகு பொசுக்கென்று நின்றுவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகக் கேட்டேன். அதற்கு அப்புறம் அந்த அறையில் யாரும் விசிறியைத் தொடவில்லை.

சண்டையில் மிச்சம் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க மெற்றில்டா உள்ளே வந்தாள். பார்த்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"யக்கா, இது நம்ம வள்ளம்."

"ஆமா."

"அது உங்க வீட்டுக்காரு. இது எங்க வீட்டுக்காரு."

"கண்ணு இருக்குல்ல எனக்கு."

தாம்பாளத்துப் பக்கத்தில் கிடந்த கத்தியைப் பார்த்தாள். பிறகு, "அந்தக் கத்திய முதல்ல தூரமா வையுங்க," என்றாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க என் சமையலறையில் இருந்தது. எப்படி வந்தது, ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வரிசை எங்கே தொடங்குகிறது, செருப்பை எங்கே விடுவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்பதுதான். மீன் ஏலம் போடுகிற மிக்கேல் வந்து எந்த வள்ளத்தில் வலை கனத்துத் தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டு போய், வள்ளம் வருவதற்கு முன்னாலேயே ஏலத்தைத் தொடங்கினான். வெகு தூரம் போய்த் தொழில் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தர், பக்கத்து ஊர்ப் பாறை நிழலில் வள்ளத்தை நிறுத்திவிட்டு மல்லாந்து தூங்குவதை அவர் பெண்சாதி பார்த்தாள்; "வரட்டும்" என்ற ஒரே சொல்லோடு எழுந்து போனாள். எறும்பு சாரை சாரையாக வந்தது, விளிம்பைத் தொட்டுப் பார்த்தது, குடிக்கிற நீரா உப்பு நீரா என்று தலையைத் தலையை ஆட்டி யோசித்தது, திரும்பிப் போய்விட்டது. பேசுகிறவர்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்கள். தும்மல் வந்தவர்கள் முற்றத்துக்கு ஓடினார்கள்.

பங்குச் சாமியார் ரெமிஜியுஸ் அடிகள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து நின்றார்.

"சீனி போட்டிருக்கா ஜெசிந்தா?"

"போட்டிருக்கேன் சாமி."

"எவ்வளவு?"

"அளவாத்தான்."

அவர் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கும்பிடவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க," என்றார். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த பிரசங்கம் அதுதான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இந்தக் கரையில் பிறந்து, இந்தக் கரையிலேயே வாழ்க்கைப்பட்டு, இதே கரையில் பிள்ளை பெற்ற எங்களுக்குக் கடல் என்பது வள்ளம் மறைகிற அந்தக் கோடு வரைக்கும்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் போனார்கள், வந்தார்கள், வராமலும் இருந்தார்கள், போன இடம் எப்படி இருக்கும் என்று கேட்டால் "தண்ணிதான்" என்றார்கள். அந்தத் தண்ணீரை இப்போது பார்த்தோம். அதற்குள் நீலத்துக்குக் கீழே இன்னொரு நீலம் இருந்தது, அதற்குக் கீழே பெயர் இல்லாத ஒன்று, அதில் பெரிய மீன்களின் முதுகு இருட்டாகப் புரண்டு போயிற்று. அவ்வளவு பெரிய ஆழத்தின் மேல் சுரைவிதையில் உட்கார்ந்து எங்கள் ஆட்கள் பீடி பற்ற வைத்தார்கள், வலையை உதறினார்கள், ஒருத்தன் முதுகை ஒருத்தன் சொறிந்துவிட்டார்கள். வாயில் கையை வைத்துக்கொண்டு இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரும் அவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை.

"இவ்வளவு பெருசாட்டி," என்றேன் மெற்றில்டாவிடம். அவள் கேலி பண்ணவில்லை.

மறுநாள் கல்லறைத் திருநாள். காலைப் பூசை முடிந்து வருவதற்குள் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், தென்கிழக்கே காற்றழுத்தம், கடலுக்குப் போனவர்கள் கரை திரும்ப வேண்டும் என்று. நாங்கள் ரேடியோவைக் கேட்கவில்லை, தாம்பாளத்தைப் பார்த்தோம். தென்கிழக்கு மூலையில், ஒருத்தரும் எலுமிச்சை பிழியாமலே, நீலம் ஊதாவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அது பரவுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பாலில் உறை விழுந்த மாதிரி, சத்தம் இல்லாமல், அவசரம் இல்லாமல் பரவியது. வள்ளங்கள் எல்லாம் மூக்கை மேற்கே திருப்பின. எங்களுடையது மட்டும் திரும்பவில்லை. ஒரு தலை பின்னால் எஞ்சின் மேல் குனிந்து கிடந்தது, மற்றது துடுப்பு போட்டது.

"எஞ்சின் செத்துப்போச்சு யக்கா," என்றாள் மெற்றில்டா. "பூ பறிச்சதுனால" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கரையில் இருந்த ஆண்கள் வள்ளம் தள்ளிப் பார்த்தார்கள். அலை அவர்களைத் திரும்பத் திரும்ப மணலில் கொண்டுவந்து போட்டது.

அப்போதுதான் மெற்றில்டா குப்புறப் படுத்து, கிழக்கு விளிம்பில் வாயை வைத்து, பிள்ளைக்குச் சூடு ஆற்றுவது மாதிரி மெல்ல ஊதினாள். எங்கள் வள்ளம் ஒரு நெல் நீளம் மேற்கே நகர்ந்தது. சமையலறையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், தாம்பாளத்தைச் சுற்றி அவரவர் இருந்த இடத்திலேயே மண்டி போட்டு, அவரவர் வீட்டு வள்ளத்தை அவரவர் ஊதத் தொடங்கினார்கள். வடக்கே இருந்து ஒருத்தி, தெற்கே இருந்து ஒருத்தி, குறுக்கே கையை விட்டு ஒருத்தி. "எங்க வள்ளத்த ஏம்ட்டி இழுக்க?" "நீ தள்ளிக்கோ, அது என் மவன்!" தும்பைப்பூக்கள் எங்கே போவது என்று தெரியாமல் சுழன்றன, வள்ளங்கள் பம்பரமாகச் சுற்றின, தூண்டில் வளைவின் முனையில் இரண்டு வள்ளம் முட்டிக்கொள்ளப் பார்த்தன. கடலில் அந்த நேரம் எல்லாத் திசையிலிருந்தும் காற்று வந்தது என்று பிற்பாடு கரையேறினவர்கள் சொன்னார்கள். பெண்சாதியின் பாசம் இப்படித்தான் வேலை செய்யும்.

நான் கையைத் தட்டினேன், எங்கள் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் தட்டுகிற மாதிரி, காது அடைக்கிற மாதிரி.

"வாய மூடுங்க எல்லாரும்! தினம் ராத்திரி ஜெபமாலை சொல்லுதியள்ல? எப்படிச் சொல்லுதிய? ஆளுக்கொரு பக்கமாவா?"

முழித்தார்கள். பிறகு விளங்கிக்கொண்டார்கள். ஜெபமாலையில் ஒரு பக்கம் தொடங்கும், மறுபக்கம் முடிக்கும். ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் மூச்சு வாங்கும். அப்படித்தான் கடைசி மணி வரைக்கும் நடுவில் ஓட்டை விழாமல் ஓடும். யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடங்குகிற பக்கம் ஒரு அணி, முடிக்கிற பக்கம் ஒரு அணி, இரண்டு அணியும் கிழக்கு விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி மண்டியிட்டு, இவர்கள் ஊதி முடிக்கிற நுனியில் அவர்கள் தொடங்கி, அவர்கள் ஓய்கிற நுனியில் இவர்கள் தொடங்கி, ஒரே மூச்சாக, மெல்ல, வார்த்தை இல்லாமல், மேற்கே பார்த்து ஊதினார்கள். உள்ளுக்குள் மந்திரம் ஓடியது, வெளியே காற்று மட்டும் வந்தது. தும்பைப்பூ அத்தனையும் தலை நிமிர்ந்து ஒரே திசையில் திரும்பியது. என் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டித் தாள் அசையவில்லை, அடுப்புச் சுடர் அசையவில்லை. வெளியே கரையில் தென்னை மட்டைகள் எல்லாம் ஊரைப் பார்த்துச் சாய்ந்து நின்றன.

வள்ளங்கள் வந்தன. ஒவ்வொன்றாக அந்த வெட்டின நகத்துக்குப் பின்னால் நுழைந்து தாம்பாளத்திலிருந்து மறைந்தன. கொஞ்ச நேரத்தில் கடற்கரையிலிருந்து கூச்சல் வரும், யார் வந்தது என்று தெரியும். வந்தவனின் பெண்சாதி எழுந்து ஓடினாள். ஓடி, அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு திரும்பி வந்து, தன் இடத்தில் மண்டி போட்டு மறுபடி ஊதினாள். ஒருத்திகூட வீட்டுக்குப் போகவில்லை. முந்தின நாள் "வரட்டும்" என்று சொல்லிப் போனவளும் புருஷனைக் கரையில் நாலு சாத்து சாத்திவிட்டு வந்து ஊதினாள்.

கடைசியில் எங்கள் வள்ளம் ஒன்றுதான் மிச்சம். கடல்பாசி இரண்டாம் நாள் தண்ணீர் விடத் தொடங்கும்; விளிம்பிலிருந்து கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்க, நாங்கள் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து அதன் பின்னாலேயே போனோம். வள்ளம் முக்கால் தூரம் வந்துவிட்டது. அப்போது ஊதா அதை எட்டிப் பிடித்தது. மேலே பரவி மூடியது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்தை நோக்கி ஊதினோம், நெஞ்சு எரிய எரிய ஊதினோம், மெற்றில்டாவுக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தது.

இதோ, இப்போது ஊதா நகர்ந்து வடக்கே போகிறது. நீலம் தெளிகிறது. பச்சையும் மஞ்சளுமாக வள்ளம் இருக்கிறது, கவிழவில்லை, கரையைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு தலை இருக்கிறது.

ஒன்று.

கோயில் உபதேசியார் பைபிள் வாசிக்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை யாரோ என் கையில் வைக்கிறார்கள். பார்க்கிறேன். குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறான் அந்த ஆள். இரண்டு பேருமே ஒரே மாதிரித் திருவிழாச் சட்டைதான் போட்டுக்கொண்டு போனார்கள், ஒரே துணியில் தைத்தது. உடம்புவாகும் ஒன்றுதான், ஒரு தாய் பிள்ளைகள். மேலிருந்து பார்க்கிற எங்களுக்கு முகம் கிடையாது, உச்சந்தலைதான். என் வீட்டுக்காரருக்கு உச்சியில் உள்ளங்கை அளவு சொட்டை; இன்னாசிக்குக் காடு மாதிரி முடி. ஆனால் அந்த ஆள் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருக்கிறான்.

ஊதுகிறவர்கள் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு. மெற்றில்டா கண்ணாடியை வாங்கவில்லை. என் முழங்கைக்கு மேலே அவள் நகம் பதிந்திருக்கிறது. மாதாவிடம் ஒன்று கேட்கலாம் என்று மனசைத் திறக்கிறேன். எதைக் கேட்டாலும் அது இவளிடமிருந்து பிடுங்குகிற மாதிரி இருக்கிறது, மூடிவிடுகிறேன். எல்லாக் காரியத்திலும் பரபரக்கிற எனக்கு இந்த வள்ளம் இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்தால் என்ன என்று இருக்கிறது.

"நீங்களே கேளுங்க யக்கா," என்கிறாள் மெற்றில்டா, குரலே இல்லாமல்.

குனிகிறேன். மூச்சு பட்டு வள்ளம் ஆடிவிடாமல் வாய்க்குக் குறுக்கே கையை வைத்துக்கொள்கிறேன். "ஏங்க" என்று கூப்பிடுவதா, "தம்பி" என்று கூப்பிடுவதா தெரியவில்லை. முறை ஒன்றும் வைக்காமலே கேட்கிறேன்.

"தலைத்துண்ட ஒரு தடவ அவுத்துக் கட்டுங்க."